வெள்ளிக்கிழமை வாசகர்

மார்ச் 3

அன்புள்ள பொடிசுக்கு,

உனக்கு நாற்பத்து நான்கு வயதாகிறது, பல்கலைக்கழகத்தில் வகுப்பு எடுக்கிறாய் என்பதெல்லாம் தெரிந்தே இப்படித்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

எங்கள் நூலகக் கிளையை மூடவில்லை. நேற்று குழுவின் கடிதம் வந்தது. பக்கத்துப் பகுதிக் கிளையோடு எங்களைச் சேர்த்துவிடும் யோசனையைக் கைவிட்டுவிட்டார்களாம். காரணமாக உன் ஆய்வின் சுருக்கத்தைத்தான் காட்டியிருக்கிறார்கள். பதினோரு கிளைகளைப் பார்த்ததில், அக்கம்பக்கத்தார் முறை வைத்து இரவல் மேசையில் உட்காரும் கிளை எங்களுடையது ஒன்றுதான். பாடப்புத்தகமும் கதைப்புத்தகமும் போக மற்ற கனமான நூல்கள் இங்கே மூன்று மடங்கு அதிகமாக இரவல் போகின்றன. இந்த ஏற்பாட்டை மற்ற கிளைகளும் பின்பற்றலாம். இப்படி உன் வரிகளை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

கடிதத்தை நம் மூன்று தொண்டர்களுக்கும் படித்துக் காட்டினேன். தையல்காரம்மா, "உங்க தங்கச்சி கைய நான் கண்ணுல ஒத்திக்கணும்" என்று சொன்னார். நர்ஸம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிரைவர் அண்ணன் மட்டும், "மூணு மடங்கா? நாம அவ்ளோ படிக்கிறோமா?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். அவருக்கு எதிலும் சந்தேகம்தான். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், பச்சை விளக்கையே இரண்டு முறை பார்ப்பார்.

மூன்று அறை, நாலாயிரத்துச் சொச்சம் புத்தகம், கீழே தபால் நிலையம். இவ்வளவுதான் எங்கள் ராஜ்ஜியம். அதைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாய். நன்றி என்று எழுதினால் அந்நியமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் உன் இடுப்பு வலி, என் சளி, அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தபால் பெட்டி பதினெட்டுப் படி கீழேதான் இருக்கிறது. நீயும் எழுது.

உன் அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்கா,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான் உன் தங்கை என்பதைக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன், ஆகவே யாரும் வாய் திறக்க முடியாது. கட்டுரையை இதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது, ஜூலையில் அச்சாகும். மே மாதம் இங்கே ஒரு பேருரை நிகழ்த்த வேண்டும். அது நன்றாக அமைந்தால் என் வேலை நிரந்தரமாகும் என்று துறைத் தலைவர் ஜாடையாகச் சொன்னார். ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில் இருப்பவளுக்கு ஜாடையே போதும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உறுப்பினர்களின் பெயர்கள் எங்களுக்குத் தரப்படவில்லை, எண்கள் மட்டும்தான். பதினோரு கிளைகளிலும் சேர்த்து எனக்கு மிகவும் பிடித்த ஆள் உன் கிளையில் இருக்கிறார். உறுப்பினர் எண் 417.

வாரம் ஒரு புத்தகம். வெள்ளிக்கிழமை, மூடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு. ஐந்து வருடத்தில் ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. அவர் எடுப்பவற்றை வேறு யாரும் தொடுவதில்லை. கிணற்று ஊற்று, கூரை ஒழுகல், வாடகைச் சட்டம், காளான் வளர்ப்பு, கலங்கரை விளக்கங்களின் வரலாறு. ஆணாக இருக்க வேண்டும், அறுபதைத் தாண்டியவர், கையால் எதையாவது பழுது பார்க்கிறவர், யாரிடமும் காட்டிக்கொள்ளாதவர் என்று நானே உருவம் கொடுத்து வைத்திருக்கிறேன். பேருரையை அவரைச் சொல்லித்தான் முடிக்கப் போகிறேன்.

விதிப்படி நான் பெயர் கேட்கக் கூடாது, கேட்கவில்லை. ஆனால் நீ அவரை வாரா வாரம் பார்க்கிறாயே. ஆள் எப்படி இருப்பார்? அதை மட்டும் சொல்.

உன் பொடிசு

பி.கு.: கணினியில் அவர் கணக்கில் ஒரு கோளாறு இருந்தது. ஒரே புத்தகம் ஐந்து வருடத்தில் நூற்று முப்பது முறை புதுப்பிக்கப்பட்டதாகக் காட்டியது. எங்கள் புள்ளியியல்காரர், "இயந்திரம் விக்கியிருக்கும்" என்றார். அந்த வரியை அழித்துவிட்டோம். உங்கள் கணினியை யாராவது பார்க்க வேண்டும்.


மார்ச் 19

அன்புள்ள பொடிசுக்கு,

இடுப்புக்கு அந்த நாற்காலிதான் காரணம் என்று போன வருடமே சொன்னேன். மாற்றினாயா?

இங்கே வெயில் ஏறிவிட்டது. நடு அறையில் மின்விசிறி சத்தத்துக்குக் குறைவில்லாமல் சுற்றுகிறது, காற்றுதான் வருவதில்லை. தையல்காரம்மா திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டு போய் ஓரம் அடித்துக் கொண்டுவந்தார். நர்ஸம்மாவுக்கு வேலை நேரம் மாறியதால் இனி ஞாயிறு பிற்பகல் மட்டும் வருவார். நான் புதன்தோறும் தலைமை நூலகத்துக்குப் போய்விடுவதால் அன்று டிரைவர் அண்ணன்தான் எல்லாம். கம்ப்யூட்டரில் ஒரு விரலால் தட்டுவார். ஹாரன் அடிப்பது போலவே இருக்கும்.

நீ கேட்ட ஆள். மெலிந்த உடம்பு. அதிகம் பேசமாட்டார். சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச் வைத்திருப்பார், கீழ்த்தட்டுப் புத்தகங்களை அதை அடித்துத்தான் பார்ப்பார். எதையும் பிடித்திருக்கிறது என்று சொல்லமாட்டார். "பரவால்ல, விஷயம் இருக்கு" என்பார். அவ்வளவுதான்.

பேருரையில் அவரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டுமா? கூச்ச சுபாவம் உள்ளவர்.

உன் அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்கா,

டார்ச்சா! அப்பா மாதிரியே இருக்கிறாரே. அவரைப் போல மின் மீட்டர் கணக்கெடுக்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். "பரவால்ல, விஷயம் இருக்கு" என்பதைப் படித்ததும் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். உன் ஒரு பத்தியை வைத்துக்கொண்டு ஒரு நாள் பூராவும் நல்ல மனநிலையில் இருந்தேன்.

அதனால் துணிந்து ஒரு காரியம் செய்கிறேன். இதோடு ஒரு சம்மதப் படிவம் வைத்திருக்கிறேன். அவர் விருப்பப்பட்டுக் கையெழுத்துப் போட்டால் ஏப்ரல் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை நான் நேரில் வந்து அரை மணி நேரம் பேசுவேன். பெயர் எங்கும் வராது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: யாரும் தொடாத புத்தகங்களாகப் பார்த்து எடுக்கிறீர்களே, ஏன்?

ஒன்பது வருடத்தில் நான் இரண்டு முறைதான் வீட்டுக்கு வந்திருக்கிறேன் என்று நீ சொல்லமாட்டாய். நானே சொல்லிக்கொள்கிறேன். இந்த முறை அவர் சாக்கில் உன்னையும் பார்த்துவிடுவேன்.

நாற்காலியை மாற்றிவிட்டேன். வலி அப்படியேதான் இருக்கிறது.

உன் பொடிசு


ஏப்ரல் 4

அன்புள்ள பொடிசுக்கு,

படிவம் ஒரு வாரமாக என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதில் யாரும் கையெழுத்துப் போட முடியாது.

417 அப்பாவின் எண்.

எங்கள் விதி ஒன்று உண்டு. ஐந்து வருடத்தில் ஒரு முறைகூட இரவல் போகாத நூலைக் கழிவுப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பட்டியலில் ஏறியது லாரியில் ஏறிக் காகிதக் கூழாலைக்குப் போய்விடும். அப்பா போன மறு வருடம் வந்த பட்டியலில் அவர் படித்தவையே பதினாறு இருந்தன. அவர் ஒருவர்தான் படித்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குக் கூரை ஒழுகல் புத்தகத்தை எடுத்தேன், அவர் எண்ணைத் தட்டினேன், இரவல் கொடுத்தேன், ஒரு நிமிடத்தில் திருப்பி வாங்கிக்கொண்டேன். புத்தகம் மேசையை விட்டு அசையவில்லை. இன்னும் ஐந்து வருடம் அதற்கு ஆயுள் கிடைத்துவிட்டது. அதன் பிறகு வாரம் ஒன்று. அலமாரியில் எது தனியாக நிற்கிறது, அப்பா இருந்தால் இதை எடுப்பாரா என்று பார்ப்பேன். எடுப்பார் என்று தோன்றினால் எடுப்பேன்.

இறந்தவரின் உறுப்பினர் கணக்கை ஒரு மாதத்தில் மூட வேண்டும் என்பதும் விதிதான். முதலில் மூட முடியாமல் போனதற்குக் காரணம் வேறு. அவர் பெயரில் ஒரு புத்தகம் வெளியே இருந்தது. தேனீ வளர்ப்பு. நிலுவை இருந்தால் கணக்கை மூட இயந்திரம் விடாது. கட்டிலுக்கு அடியில், பரணில், அவர் வேலைப் பையில், சமையலறையில்கூடத் தேடினேன், கிடைக்கவில்லை. "தொலைத்தவர்" என்று குறித்தால் மூடிவிடலாம். முப்பது வருடம் ஒரு நாள்கூடத் தாமதிக்காத மனுஷனைத் தொலைத்தவர் என்று என் கையால் எப்படிக் குறிப்பேன்? பதினான்கு நாளுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே வந்தேன். நீங்கள் அழித்த வரி அதுதான். இயந்திரம் விக்கவில்லை.

உன் ஆய்வுக்குப் பதிவுகள் போகும் என்று தெரிந்தபோதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். பதினோரு கிளைக் கணக்கில் வாரம் ஒன்று எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். பிறகு கிளையைக் காப்பாற்றிவிட்டதாகக் கடிதம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். நீ ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டபோது பொய் சொல்லவில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பொய்தான்.

என்ன செய்ய வேண்டுமோ செய். கிளையை நினைத்தோ என்னை நினைத்தோ தயங்காதே.

அக்கா


ஏப்ரல் 20

பொடிசு,

பதினாறு நாளாகிறது. இரண்டு முறை போன் செய்தேன், மணி அடித்து நின்றுவிட்டது. மூன்றாம் முறை செய்ய மனம் வரவில்லை.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. வெறும் உறையாவது அனுப்பு. கீழே தபால்காரர், "இன்னிக்கும் ஒண்ணும் இல்லம்மா" என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அக்கா


ஏப்ரல் 26

அக்கா,

இதழ் ஆசிரியருக்கு நேற்று எழுதிவிட்டேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன். பேருரையை ஒத்திவைக்கும்படி துறைத் தலைவரிடம் சொன்னேன். "எவ்ளோ நாளைக்கு?" என்றார். தெரியாது என்றேன். அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. அதுவே பதில்.

உன் மேல் கோபம் இருக்கிறது. நீ நினைக்கும் காரணத்துக்காக இல்லை. தவறு என்னுடையதும்தான். யார் எடுத்தார்கள் என்ற கோப்பை மட்டும் கேட்டேன், எப்போது திருப்பினார்கள் என்று கேட்கவே இல்லை. முதல் வருட மாணவி செய்தால் திட்டுவேன். ஒரு வரி ஒத்துவரவில்லை என்றதும் அழித்தேன். அதற்கும் நீ பொறுப்பில்லை.

என் கோபம் இதுதான்: நான் அவரை மூன்று மாதம் தெரிந்து வைத்திருந்தேன். பெயர் தெரியாமல், முகம் தெரியாமல், எண்களை வைத்தே, இவர் நல்ல மனிதர் என்று கண்டுபிடித்திருந்தேன். வெள்ளிக்கிழமை வந்தால் இன்று என்ன எடுத்திருப்பார் என்று நினைப்பேன். நீ ஒரே வரியில் அவரை மறுபடியும் சாகடித்துவிட்டாய். இதை எழுதுவது நியாயமில்லை என்று தெரியும். எழுதிவிட்டேன்.

இனி அலுவல். உன் கிளையின் ஐந்து வருடத் திருப்புதல் நேரங்கள் முழுவதும் எனக்கு வேண்டும். குழுவுக்கும் நீயே எழுதுவது நல்லது. என் கடிதம் அவர்களுக்கு மே 10 அன்று போகும். அதற்கு முன்பு உன்னுடையது போய்ச்சேரட்டும்.

தங்கை


மே 6

அன்புள்ள பொடிசுக்கு,

'தங்கை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பரவாயில்லை, அதுவும் நீதான்.

குழுவுக்கு எழுதிவிட்டேன். திருப்புதல் கோப்பைத் தலைமை நூலகத்திலிருந்து வாங்கிக் குறுவட்டில் பதிந்து அனுப்பியிருக்கிறேன். உன் கோபத்துக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். நீ சொன்ன அந்த மூன்று மாதம் எனக்கு ஒன்பது வருடம். அதை மட்டும் நினைத்துக்கொள்.

குழுவுக்கு எழுதும் முன் தொண்டர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஞாயிறு காலை மூன்று பேரையும் வரச் சொன்னேன். அங்கே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், உனக்கு வேலைக்காகும்.

நாலு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். இறந்துபோன உறுப்பினர்களின் அட்டைகளை மூட மனம் வராமல் பிஸ்கெட் டப்பாவில் போட்டு வைத்திருப்பதையும், பன்னிரண்டு அட்டையில் அப்பாவினுடையதை நான் பயன்படுத்தியதையும், உன் கட்டுரை போனதையும், கிளை போகலாம் என்பதையும் சொன்னேன்.

தையல்காரம்மா மெதுவாக, "அக்கா, நீங்களுமா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "நானுமான்னா?"

"டப்பாவுல எங்க வீட்டுக்காரர் அட்டையும் இருக்குல்ல. ஞாயித்துக்கிழம காலைல ஒண்ணு ரெண்டு போடுவேன். பாவம், அந்தத் துணிச்சாயப் புத்தகம், பழைய தையல் மிஷின் புத்தகம் எல்லாம் சும்மா நிக்குது. அனுப்பிச்சிட்டா மறுபடி எங்க கெடைக்கும்?"

"எத்தனை வருஷமா?"

"அவர் போயி ஆறு வருஷம். அதுலருந்து."

நர்ஸம்மா கையை உயர்த்தினார், வகுப்பில் உயர்த்துவது போல. "எங்க அண்ணன் அட்டை. மத்தியானம். எனக்கு முன்னாடி இவங்க போட்டுட்டுப் போறது தெரியாது. நான் மட்டும்தான் திருட்டுத்தனம் பண்றேன்னு நெனச்சு, ஒவ்வொரு ஞாயிறும் வாசலப் பாத்துப் பாத்துத்தான் போடுவேன். ஆஸ்பத்திரில கூட நான் அப்படிப் பயந்ததில்ல."

"அடிப்பாவி! நான் உனக்குப் பயந்துதானே பன்னெண்டு மணிக்குள்ள முடிச்சிடுவேன்!" என்றார் தையல்காரம்மா.

இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, இரண்டும் வந்தது. டிரைவர் அண்ணன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, உங்களுக்கும் ஏதாச்சும் இருக்கா? சொல்லிடுங்க, இன்னிக்கு எல்லாருக்கும் மன்னிப்பு" என்றார் நர்ஸம்மா.

"நான் பொய்யாப் போடலம்மா" என்றார். "கண்டக்டர் அட்டைல எடுப்பேன். பத்தொம்பது வருஷம் ஒரே வண்டில ஓடினோம். அவன் ரெண்டு எடுப்பான், நான் ரெண்டு எடுப்பேன், டிப்போல மாத்திக்குவோம். அவன் போனப்புறமும் அவன் கணக்குல ரெண்டு எடுக்கறது விட முடியல. ஆனா எல்லாத்தையும் படிச்சிருக்கேன். அவன் எடுத்தா என்ன எடுப்பான்னு பாத்து எடுப்பேன். அதுல பாதி எனக்குப் புரியாது, இருந்தாலும் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிடுவேன்."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நான் மொத்த எண்ணிக்கையை மட்டும்தான் மாதா மாதம் பார்த்து அனுப்புவேன். எந்த நாளில் யார் என்று பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் இவர்களைப் பிடித்திருப்பேன். பிடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஒரு முடிவும் எடுத்தோம். யார் எந்தப் புத்தகத்தைக் காப்பாற்றினார்களோ அதை அவர்களே சொந்த அட்டையில் எடுத்துப் படிக்க வேண்டும். படிக்க முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும். என் பங்குக்கு நானூறுக்கு மேல் இருக்கிறது. கிணற்று ஊற்றில் தொடங்கியிருக்கிறேன். அப்பா எப்படித்தான் படித்தாரோ, பத்துப் பக்கத்தில் கண் சொக்குகிறது.

சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மே 29

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே கோப்பைத் திறந்தேன். மூன்று வாரம் அதிலேயே இருந்தேன். கண்டதை முதலில் சொல்கிறேன், மற்றதைப் பிறகு.

ஒரே நிமிடத்தில் எடுத்துத் திருப்பியவை, ஐந்து வருடத்தில், தொள்ளாயிரத்து நாற்பது. நீ வெள்ளிக்கிழமை, தையல்காரம்மா ஞாயிறு காலை, நர்ஸம்மா ஞாயிறு பிற்பகல். இவற்றைக் கழித்துவிட்டால் உன் கிளை பதினொன்றில் ஆறாவது. மூன்று மடங்கு இல்லை, சராசரிதான். டிரைவர் அண்ணன் எடுத்த இருநூற்று நாற்பதை நான் கழிக்கவில்லை. ஒவ்வொன்றும் பதின்மூன்று நாள் வெளியே இருந்திருக்கிறது. அவை படித்த புத்தகங்கள். யார் அட்டையில் என்பது அடிக்குறிப்பில் வரட்டும்.

இப்போது கேள். அந்தத் தொள்ளாயிரத்து நாற்பதில் இரண்டு பேர் ஒரே புத்தகத்தைக் காப்பாற்றியது எத்தனை முறை தெரியுமா? பதினொரு முறை. மூன்று பேர், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல், ஒளிந்து ஒளிந்து செய்தும் வேலை மோதவில்லை. நீங்கள் மூவரும் புத்தகத்தின் பின்பக்கத்தில் இரவல் தேதி குத்தும் சீட்டைப் பார்த்திருக்க வேண்டும். அதில் புதுத் தேதி இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறீர்கள். புதுத் தேதி யார் வைத்தது என்று யோசிக்கவில்லை, யாரோ படிக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். பேசி வைத்துக்கொள்ளாமல், கூட்டம் போடாமல், நாலாயிரம் புத்தகத்தைப் பங்கு போட்டுக்கொண்டு பாதுகாத்திருக்கிறீர்கள். அக்கம்பக்கத்தார் எப்படி ஒன்றுசேர்ந்து ஒரு பொதுக் காரியத்தைத் தாங்குகிறார்கள் என்பதைத்தான் நான் மூன்று வருடம் கேள்வித்தாள் வைத்துத் தேடினேன். அது அங்கே இருந்தது. நான் கேட்ட கேள்வியில் இல்லை.

இதைத்தான் இனி எழுதப் போகிறேன், பொய் எது மெய் எது என்று பிரித்து, உங்கள் நால்வரின் சம்மதத்தோடு. வேலை விஷயம் அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்கள். வேலை போகவில்லை. அது போதும்.

இனி மற்றது.

உன் ஏப்ரல் கடிதத்துக்கு நான் ஏன் மூன்று வாரம் பதில் எழுதவில்லை என்று நீ பிறகு கேட்கவில்லை. கட்டுரை போன வருத்தம் என்று நினைத்திருப்பாய். அது இரண்டாவது காரணம்.

அப்பா போன மூன்றாம் நாள் நான் வந்து சேர்ந்தேன் இல்லையா? எல்லாம் முடிந்திருந்தது. நீ சமையலறையில் யாருக்கோ தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாய். நான் அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். தலையணைக்குப் பக்கத்தில் ஒரு புத்தகம் இருந்தது. அவர் கடைசியாகத் தொட்டது இது என்று எடுத்துப் பெட்டியில், புடவைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்திருப்பாய், ஆனால் கூட இருந்து பார்த்துக்கொண்டவளிடம் போய் எனக்கு ஏதாவது வேண்டும் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. நூலகப் புத்தகம் என்று முத்திரை இருந்தது. யார் தேடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

தேனீ வளர்ப்பு. ஒன்பது வருடமாக என் படுக்கையறை அலமாரியில் இருக்கிறது. நீ கட்டிலுக்கு அடியிலும் பரணிலும் தேடியதாக எழுதிய வரியைப் படித்துவிட்டு எழுந்து போய் அதைப் பார்த்தேன். நான் எடுத்ததால்தான் நீ கணக்கை மூட முடியவில்லை. மூட முடியாததால்தான் 417 உயிரோடு இருந்தார். உயிரோடு இருந்ததால்தான் நான் அவரைக் கண்டுபிடித்தேன். நான் அழித்த அந்த ஒரு வரி என் அலமாரியில் இருந்த புத்தகம். உன்னைத் திட்டி எழுதிய அன்றும் அது எனக்கு இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. திட்டுவது சுலபமாக இருந்தது.

இதோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். 88ஆம் பக்கத்தில் பழைய மீட்டர் சீட்டு ஒன்றை அடையாளத்துக்கு வைத்திருக்கிறார். அதற்கு மேல் நான் ஒரு வரியும் படித்ததில்லை. அவர் படிக்காததைப் படிக்க மனம் வரவில்லை.

அவர் தொலைக்கவில்லை என்று குறித்துக்கொள், அக்கா. மூடிவிடு.

உன் பொடிசு


ஜூன் 9

அன்புள்ள பொடிசுக்கு,

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மூடுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தபால்காரர் தானே பதினெட்டுப் படி ஏறிவந்தார். "இன்னிக்கு இருக்கும்மா!" என்று வாசலிலிருந்தே சத்தம். பார்சலில் நீ பத்து மடிப்புச் செய்தித்தாள் சுற்றியிருந்தாய். அப்பா மகள்தான்.

நீ அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பெட்டியில் எதையோ வைத்ததையும் பார்த்தேன். அவருடைய சட்டை என்று நினைத்தேன். கேட்டால் வெட்கப்படுவாய் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு கேள்விக்கு ஒன்பது வருடம் தேடியிருக்கிறேன்.

குழுவின் ஆள் வந்து இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு எழுத்தில் கண்டனம். சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். கிளைக்கு ஒரு வருடம் அவகாசம், உண்மைக் கணக்கை வைத்து முடிவு செய்வார்களாம். டிரைவர் அண்ணன் அவரிடம், "சார், நாங்க ஆறாவது, ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசி இல்ல" என்றார். கழிவுப் பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டை நாங்களே விட்டுக்கொடுத்தோம். சில புத்தகங்களை உண்மையிலேயே யாரும் படிக்க முடியாது. கலங்கரை விளக்கத்தை மட்டும் நர்ஸம்மா விடவில்லை. பாதிக்கு மேல் போய்விட்டாராம், நன்றாக இருக்கிறதாம். பிஸ்கெட் டப்பாவில் பதினொரு அட்டையும் மூடியாயிற்று. அவரவர் வீட்டு அட்டையை அவரவரே மூடினார்கள். கண்டக்டர் அட்டையை மூடும்போது டிரைவர் அண்ணன் ஒரு விரலால் தட்ட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

பன்னிரண்டாவதை வெள்ளிக்கிழமை மூடினேன். தேனீப் புத்தகத்தைத் திருப்பி வாங்கியதாகப் பதிந்தேன். திரையில் "நிலுவை இல்லை" என்று வந்தது. காரணம் என்ற இடத்தில் "மறைவு" என்று எழுதினேன். கீழே அறிக்கை ஒன்று அச்சாகி வந்தது: மொத்த இரவல் இத்தனை, தாமதம் பூஜ்யம், தொலைத்தவை பூஜ்யம். அதை உனக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். பிறகு நானே வைத்துக்கொண்டேன். உனக்கு அனுப்ப வேறொன்று இருக்கிறது.

உன் பெயரில் ஓர் உறுப்பினர் அட்டை போட்டிருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கும் உண்டு, விதியைப் படித்துப் பார்த்துத்தான் செய்தேன், இனி விதிப்படிதான் எல்லாம். எண் 1206. அதில் முதல் இரவலாகத் தேனீ வளர்ப்பைப் பதிந்து இந்தப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். சீட்டு 88ஆம் பக்கத்திலேயே இருக்கிறது. மீதியைப் படி. அவர் பாதியில் விட்டார் என்பதற்காக நாமும் விட வேண்டியதில்லை.

கெடு பதினான்கு நாள். ஜூன் 23, செவ்வாய். நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும், தபாலில் வாங்கமாட்டேன். மறுநாள் புதன், நீ மேசையில் உட்காரலாம், டிரைவர் அண்ணன் சொல்லிக்கொடுப்பார். உன் அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

இந்தப் புத்தகத்தை இனி யாருக்கும் புதுப்பித்துக் கொடுப்பதாக இல்லை.

உன் அக்கா